ரம்பத்தின் மறுமுனை

தோள் மூட்டுக்குள் ஊசி இறங்கியபோது க்ளெனிஸுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதுதான் வலித்தது.

"ரெண்டு வாரத்துக்கு இந்தக் கையால கனமா எதையும் இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாது."

"ரம்பம்?"

"என்ன ரம்பம்?"

"மரம் அறுக்குற ரம்பம். நானும் இவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு அறுப்போம். பத்து நாள்ல எங்க ஊர் விவசாய ஷோ வருது, அதுல அறுப்புப் போட்டி."

டாக்டர் சின்னப் பெண். மெல்போர்னிலிருந்து டெவன்போர்ட் கிளினிக்குக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். சுவரோரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த க்ளெனிஸின் கணவன் கார்த்தைத் திரும்பிப் பார்த்தாள், இந்த அம்மாள் சொல்வது நிஜமா என்று கேட்பதுபோல.

"நிஜம்தாங்க," என்றான் கார்த். "மூணு வருஷமா கோப்பை எங்க வீட்டு அலமாரியிலதான் இருக்கு."

"தோளை இந்தக் கதிக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கோப்பைதான் போலிருக்கு." கையுறையைக் கழற்றிக்கொண்டே டாக்டர் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாளாகும். கூடவே மரத்துப்போகும் மருந்தும் போட்டிருப்பதால் சாயங்காலம் வரைக்கும் வலியே தெரியாது. அதை நம்பி எதையாவது செய்துவைக்கக் கூடாது. அது விட்ட பிறகு ஓரிரு நாள் வலி முன்னைவிடக் கூடலாம், அப்போது துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் போதும். முகம் சிவக்கலாம், தூக்கம் குறையலாம், மனசு கொஞ்சம் எரிந்து விழலாம். "உங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு. ஒரு வாரத்துக்கு அது ஏறித்தான் நிக்கும். வழக்கத்தைவிட அடிக்கடி குத்திப் பாருங்க. காய்ச்சல் வந்தாலோ, தோள் வீங்கிச் சூடா இருந்தாலோ, நாள் ஆக ஆக வலி கூடிக்கிட்டே போனாலோ, என்னைக் கேட்டுக்கிட்டு நிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்."

க்ளெனிஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கேட்டது ரெண்டு வாரம் என்பதை மட்டும்தான். பத்துக்கும் பதினாலுக்கும் நடுவில் இருந்த நாலு நாள் அவள் நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கு அவள் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் கார்த்தான் ஓட்டினான். பாப்பிப் பூ வயல்களைத் தாண்டி ஊருக்குள் நுழைவதற்குள் தோளில் ஓர் அதிசயம் நடந்துவிட்டது. வலி இல்லை. கொஞ்சம்கூட இல்லை. சட்டை மாட்டக் கை தூக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், காருக்குள் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கூரையைத் தட்டினாள்.

"பாத்தியா?"

"பாத்தேன். கீழ இறக்கு."

இறக்கினாள். ஆனால் வீட்டுக்கு வந்து, உருளைக்கிழங்கு லாரிக்காரனோடு பேசக் கார்த் வாசலுக்குப் போனதும், கொட்டகைக்குள் நுழைந்து பழகும் கட்டை முன்னால் நின்றாள். ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன, ஒற்றையாகவே இழுத்துப் பார்க்கலாமே என்று தோன்றிவிட்டது. இழுத்தாள். ரம்பப் பல் பைன் கட்டைக்குள் வெண்ணெயில் போவதுபோல் போனது. தோள் பதினெட்டு வயதுத் தோளாக இருந்தது. கட்டையில் பாதி இறங்கிய பிறகுதான் கார்த் வந்து பார்த்தான். கைப்பிடியை அவள் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

மறுநாள் காலையில் அவளால் தேநீர்க் கெட்டிலைத் தூக்க முடியவில்லை. தோளுக்குள் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகித் திருப்புவதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகம் நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் பீட்ரூட். விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை, கருவியே பயந்து சத்தம் போடும் அளவுக்கு ஏறியிருந்தது.

கார்த் கிளினிக்குக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நர்ஸ் ஷெரில் அவர்கள் ஊர்க்காரிதான். க்ளெனிஸை நன்றாகத் தெரியும்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல," என்றாள் க்ளெனிஸ்.

"தோள் வீங்கியிருக்கா? தொட்டா சுடுதா?"

"இல்ல. வலிதான்."

"அப்ப கிருமி ஏதும் இல்ல, மருந்து வேலையைக் காட்டுது. ஐஸ் வை, மாத்திரை போடு. நாளன்னைக்கும் இப்படியே கூடிக்கிட்டிருந்தா உடனே வந்துடு. சர்க்கரைக்கு டாக்டரைக் கேட்டுட்டு நானே கூப்பிடுறேன். ஆமா, நேத்து கையை அசைக்காமத்தானே இருந்தே?"

கார்த் முந்திக்கொண்டான்.

"கட்டைல பாதி அறுத்துட்டா."

ஷெரில் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "இந்த ஊசி போட்டுக்கிட்டு டான்ஸ் ஆடினவங்களைப் பாத்திருக்கேன், புல்லு வெட்டினவங்களைப் பாத்திருக்கேன். போட்ட அன்னைக்கே ரம்பம் பிடிச்சது நம்ம ஊர்ல நீ ஒருத்திதான் கண்ணு."

அன்று மதியம் ஐஸ் பையைத் தோளில் கட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தபோது கார்த் எதிரில் வந்து உட்கார்ந்தான். கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கையில் ஒன்றும் இல்லை.

"ஷோவுக்கு நாரெல்லைக் கேக்கலாம்னு இருக்கேன்."

க்ளெனிஸின் முகம் ஏற்கெனவே சிவந்திருந்ததால் அதற்கு மேல் சிவக்க இடமில்லை.

நாரெல் யார் என்பதை அந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கார்த்துக்குக் கல்யாணமாவதற்கு முன்னால் அவன் ரம்பத்துக்கு மறுமுனை அவள்தான். ரம்பத்தோடு நின்றதா, அதற்கு மேலும் போனதா என்று க்ளெனிஸ் கேட்டதில்லை, கார்த்தும் சொன்னதில்லை. பிறகு நாரெல் குவீன்ஸ்லாந்துக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, கணவன் போன பிறகு இந்தக் குளிர்காலத்தில்தான் அம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். வந்த வாரமே பேக்கரியில் க்ளெனிஸைப் பார்த்து, "உன் தோள் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கார்த் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. அதுவே க்ளெனிஸுக்குப் பெரிய கணக்காகப் பட்டது.

"வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"இந்த வயசுல என்னோட இழுப்புக்கு ஈடு குடுக்க வேற யாரு இருக்கா, சொல்லு. போட்டியிலேர்ந்து பெயரை எடுத்துடலாம்னாலும் எனக்குச் சம்மதம்தான்."

பெயரை எடுப்பதா? கோப்பையை மில்லர் வீட்டு அண்ணன் தங்கை ஜோடியிடம், அந்தச் சின்னப் பசங்களிடம், தூக்கிக் கொடுப்பதா? அதுவும் முடியவில்லை. நாரெல்லையும் ஜீரணிக்க முடியவில்லை. "உன் இஷ்டம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து தினமும் மாலையில் நாரெல் வந்தாள். நேராகக் கொட்டகைக்குப் போய்விடுவாள், வீட்டுக்குள் வருவதில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று க்ளெனிஸுக்குத் தோன்றியது, தேநீர் கொடுத்து அவள் எங்கே பார்க்கிறாள் என்று கவனித்திருக்கலாம். இப்போது சமையலறையில் உட்கார்ந்து காதால் மட்டும் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டு பேர் அறுக்கும் ரம்பத்தில் இழுப்பது மட்டும்தான் உண்டு. தள்ளினால் தகடு வளைந்து கட்டையில் சிக்கிக்கொள்ளும். நான் இழுக்கும்போது நீ விட்டுக்கொடு, நீ இழுக்கும்போது நான் விட்டுக்கொடுக்கிறேன், அவ்வளவுதான் கலை. விட்டுக்கொடுப்பது சரியாக இருந்தால் ரம்பம் ஒரே மூச்சாகப் பாடும். முதல் இரண்டு நாள் கொட்டகையிலிருந்து திக்கித் திக்கித்தான் சத்தம் வந்தது. க்ளெனிஸ் உருளைக்கிழங்கை இடது கையால் உரித்துக்கொண்டே, ஒவ்வொரு திக்கலுக்கும் உள்ளூரக் கைதட்டினாள். மூன்றாம் நாள் சத்தம் சேர்ந்துகொண்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய ஜன்னலையும் தாண்டி வந்தது அந்தச் சத்தம்.

கார்த் வியர்வையோடு உள்ளே வந்தான்.

"நல்லா ஓடிச்சு போலிருக்கே," என்றாள்.

"பரவாயில்ல."

"குனிஞ்சு நிக்கிறாளா, நிமிர்ந்து நிக்கிறாளா?"

"யாரு?"

"கட்டை! யாரைக் கேப்பேன்?"

"க்ளென், ஊசி போட்டதுல இருந்து நீ நீயா இல்ல. டாக்டரே சொன்னாங்கள்ல, எரிஞ்சு விழுவீங்கன்னு."

அந்தப் பேச்சுதான் அவளை மேலும் எரிய வைத்தது. கார்த் அதைத் தன் மனசோடு வைத்துக்கொண்டிருந்தாலாவது தேவலை. ஷோ கமிட்டியில் சொல்லியிருக்கிறான், பேக்கரியில் சொல்லியிருக்கிறான். எங்கே போனாலும் ஜனங்கள் அவளிடம் காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். போஸ்ட் ஆஃபீஸில் வரிசையில் முன்னே விட்டார்கள். "ஊசியோட வேகம் இறங்கினா சரியாயிடும்" என்று தோளைத் தட்ட வந்து, ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டார்கள்.

அவளும் அப்படித்தான் நம்பப் பார்த்தாள். ஊசியாகவே இருந்துவிட்டால் நல்லதுதானே. ஐந்தாம் நாள் முகத்தின் சிவப்பு போய்விட்டது. தூக்கம் ஒழுங்காக வர ஆரம்பித்தது. ஷெரில் டாக்டரைக் கேட்டுச் சொன்னபடி சர்க்கரை மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிச் சாப்பிட்டதில், வாரக் கடைசிக்குள் சர்க்கரையும் பழைய எண்ணுக்கு வந்துவிட்டது. தோள் வலி, சொன்னால் நம்ப மாட்டார்கள், துடைத்துவிட்டதுபோல் போயிருந்தது. இந்த முறை மரத்துப்போனதால் அல்ல, நிஜமாகவே. பின்விளைவு என்று டாக்டர் சொன்ன ஒவ்வொன்றும் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. மாலையில் நாரெல்லின் வண்டி வாசலில் திரும்பும் சத்தம் கேட்டதும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வது மட்டும் போகவில்லை.

அதற்குமேல் ஊசியின் மேல் பழி போட அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஷோவுக்கு முதல் நாள் கார்த் தயங்கித் தயங்கி வந்தான். "ஆப்பு வைக்க ஆள் இல்ல. எப்பவும் வைக்கிற பெர்ஸுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு."

அறுக்கும்போது கட்டை வாய் மூடி ரம்பத்தைக் கவ்விவிடாமல் இருக்க, வெட்டு கொஞ்சம் இறங்கியதும் மேலே ஆப்பைச் சொருக வேண்டும். தகட்டில் எண்ணெயும் விட வேண்டும். அதற்கு ஒருவர் பக்கத்திலேயே நிற்க அனுமதி உண்டு. கனமான வேலை இல்லை. இடது கையால் செய்யலாம். ஆனால் நிற்க வேண்டிய இடம் அவனுக்கும் நாரெல்லுக்கும் சரியாக நடுவில்.

"நான் வைக்கிறேன்," என்றாள் க்ளெனிஸ். தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஷோ மைதானத்தில் அன்று காலையிலிருந்தே காற்று. சிப்பிக் கறியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை விற்கும் கூடாரத்தின் துணி படபடத்துக்கொண்டிருந்தது. ஆண்-பெண் ஜோடிகளின் அறுப்புப் போட்டி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். கெட்டிக்கார ஜோடிகள் சில விநாடி தாமதமாகத்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. கார்த்தின் ஜோடிதான் எல்லோருக்கும் கடைசி. அந்தத் தாமதம் மூன்று வருஷமாகத் தன் தோள் சம்பாதித்துக் கொடுத்தது என்பதை அங்கே யாரும் நினைக்கவில்லையே என்று க்ளெனிஸுக்கு வருத்தம்.

நடுவர் டோனி பென்சிலோடு கட்டைகளைச் சுற்றி வந்தார். "கார்த், இடப்பக்கம். வலப்பக்கம் யாரு? சீட்டுல இன்னும் க்ளெனிஸ்னுதான் இருக்கு. தோள் சரியாயிடுச்சா?"

கார்த் மனைவியைப் பார்த்தான். நாரெல் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். கேள்வியைக் கேட்டதும் கையை எடுத்துத் தன் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள்.

"வேணும்னா எடுத்துக்க," என்றாள் நாரெல். "நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

கைப்பிடி காலியாக நின்றது. க்ளெனிஸ் வலது கையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். வலி இல்லை. ஒரு துளி இல்லை. ஒரே ஓட்டம், முப்பது விநாடிகூட ஆகாது. அதற்குள் அறுந்துவிடுமா இந்தத் தோள்? சரி என்ற சொல் அவள் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் இதே தோள் போன வாரம் காரின் கூரையைத் தட்டிக்கொண்டு இதே மாதிரிதான் சத்தியம் செய்தது. மறுநாள் கெட்டிலைத் தூக்க முடியாமல் அழ வைத்தது. உள்ளே தசைநார் இன்னும் பழைய கயிறுதான். மருந்து வலியின் வாயைத்தான் கட்டியிருக்கிறது. இன்று அறுந்தால் இந்த ஷோவோடு போகாது. எந்த ஷோவும் இருக்காது. அப்போது அந்தக் கைப்பிடி காலமெல்லாம் நாரெல்லுடையது.

கடைசியில் அந்தப் பயம்தான் அவளைத் தடுத்தது. புத்தி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கே மனம் வரவில்லை.

"நாரெல்தான்," என்றாள் டோனியிடம். "நான் ஆப்பு."

விசில் ஒலித்தது. மற்ற ஜோடிகள் தொடங்கிவிட்டன. மில்லர் பசங்கள் மரத்தூளைப் புகையாகக் கிளப்பினார்கள். டோனி விநாடிகளை எண்ணிக்கொண்டே வந்து கையை இறக்கினார். கார்த் இழுத்தான். நாரெல் இழுத்தாள். முதல் நாலு இழுப்பிலேயே க்ளெனிஸுக்குப் புரிந்துவிட்டது: ரம்பம் பாடுகிறது. தானும் கார்த்தும் சேர்ந்து நல்ல நாளில் பாடவைத்ததைவிட ஒரு சுருதி மேலே. அவள் இடது கையில் ஆப்பு இருந்தது. வெட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கட்டை வாய் மூடப்போகிறது, அதன் ஓரம் நெருங்குவதை அவள் கண் கண்டுவிட்டது. ஒரு மூச்சு தாமதித்தால் போதும். தகடு சிக்கும். காற்று, கட்டை, எதன் மேல் வேண்டுமானாலும் பழி போடலாம். யாருக்கும் தெரியாது.

கார்த் தலை நிமிரவில்லை. அவள் வைப்பாள் என்று தெரிந்தவன்போல் இழுத்துக்கொண்டே இருந்தான்.

ஆப்பைச் சொருகினாள். உள்ளங்கையால் இரண்டு தட்டு. எண்ணெய் ஒரு பீய்ச்சு. அறுந்த வட்டுத் துண்டு கீழே விழுந்த சத்தமும் மில்லர் பசங்களின் வட்டு விழுந்த சத்தமும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்டன. டோனி கை நீட்டியது கார்த்தின் பக்கம்.

ஜனங்கள் கத்தினார்கள். கார்த்தும் நாரெல்லும் கட்டைக்கு மேல் கை குலுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான், அதையும் க்ளெனிஸ் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

சாப்பாட்டுக் கூடாரத்தில் கார்த் ஸ்காலப் பை வாங்க வரிசையில் நின்றபோது நாரெல் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவன்கூட நல்லா ஓடிச்சு," என்றாள் க்ளெனிஸ். சொல்லக் கூடாது என்று நினைத்ததுதான் முதலில் வந்தது.

"ஓடிச்சு. நீ ஆப்பைச் சரியான நேரத்துல வச்சே. வைக்க மாட்டியோன்னு ஒரு நிமிஷம் எனக்குப் பயம்."

"எனக்கும்தான்."

நாரெல் சிரித்தாள். க்ளெனிஸ் சிரிக்கவில்லை.

"இங்க பாரு நாரெல், ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். எனக்குப் பொறாமையா இருக்கு. ஊசி கீசி ஒண்ணும் இல்ல. மார்ச் மாசப் போட்டிக்குள்ள தோள் சரியாயிடும். அந்தக் கைப்பிடி எனக்கு வேணும். நீ வேணா ஆப்பு வை. பக்கத்துல நின்னு பாத்தா எப்படி இருக்குன்னு உனக்கும் தெரியட்டும்."

நாரெல் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"எனக்குத் தெரியாதா? உனக்குக் கல்யாணம் ஆன வருஷம், இதே மைதானம், நீ முதல் தடவை அவன்கூட அறுத்தியே, ஆப்பு வச்சது யாருன்னு நினைச்சே?"

க்ளெனிஸ் அந்த நாளைத் தேடிப் பார்த்தாள். கார்த்தின் முழங்கை ஞாபகம் இருந்தது. தன் நெஞ்சு அடித்துக்கொண்டதும், முதல் மரத்தூள் வாயில் விழுந்த ருசியும் ஞாபகம் இருந்தன. நடுவில் யாரோ குனிந்து நின்றார்கள். ஒரு கை வந்துபோனது. முகம் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை.

"நீயா?"

"கமிட்டில வேற ஆள் இல்லன்னாங்க. சரின்னு நின்னேன். அடுத்த மாசம் குவீன்ஸ்லாந்து பஸ் ஏறினேன்."

"அன்னைக்கு நீ நேரத்துக்கு வச்சியா?"

"வச்சேன். நீ ஜெயிச்சியே."

கார்த் மூன்று ஸ்காலப் பைகளையும் ஒரே அட்டைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தான். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்து, உட்காரலாமா வேண்டாமா என்று நின்றான்.

"உக்காரு," என்றாள் க்ளெனிஸ். "உன்னைப் பத்தி ஒண்ணும் பேசல."

அவன் நாரெல்லுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்தான்.

"அங்க இல்ல," என்றாள். "இந்தப் பக்கம்."

அவன் தட்டோடு சுற்றிக்கொண்டு வந்தான். நாரெல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தபடியே, "மார்ச்ல ஆப்பு நான்தான், எழுதிக்கச் சொல்லு டோனிகிட்ட," என்றாள்.

"என்ன ஆப்பு?" என்றான் கார்த்.

"சாப்பிடு, ஆறிடும்," என்றாள் க்ளெனிஸ்.